இரண்டாம் படியில் ஒரு கோடு

மலைக்குக் கூட்டிப்போகிறவர்களில் யாராவது ஒருவர் முதல் நாள் மாலையே கேட்டுவிடுவார்: "அண்ணா, தீப்பெட்டி இல்லாம தீ மூட்டத் தெரியுமா?" குச்சியைக் கடைந்து புகை வரவழைப்பதை எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறார்கள். தெரியாது என்பேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் தீப்பெட்டியை நனையாமல் வைத்திருப்பது. அதுவும் காப்புக்காட்டில் தீ மூட்டினால் வனத்துறை வழக்குப் போடும். கேட்டவர் முகம் வாடிவிடும்.

பொள்ளாச்சிப் பக்கம் என் ஊர். ஆனைமலை, வெள்ளியங்கிரி, நீலகிரிச் சரிவு என்று ஆட்களை நடத்திக் கூட்டிப்போய்ப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து விடுவது பிழைப்பு. சில வருடங்களாக மழைக்காலத்துக்கு முன்னால் சென்னை, கடலூர் பக்கத்துக் குடியிருப்போர் சங்கங்களும் பள்ளிக்கூடங்களும் பேரிடர்ப் பயிற்சிக்கு என்று கூப்பிடுகின்றன. அங்கேயும் இதே கதைதான். "கயிறு கொண்டாருவீங்களா சார்? பசங்க மொட்டை மாடியிலேருந்து இறங்கிப் பாக்கணும்னு ஆசைப்படுறாங்க" என்று சங்கச் செயலாளர் முன்கூட்டியே கேட்டுவிடுவார். நான் கொண்டுபோவது மூடி போட்ட இரண்டு பிளாஸ்டிக் வாளி, ஒரு தார்ப்பாய், தெர்மாகோல் அட்டை, கொஞ்சம் பிளீச்சிங் பவுடர். காட்டில் ஆட்களைக் காப்பாற்றுவது இந்த மாதிரிப் பார்வைக்குச் சப்பென்ற சாமான்கள்தான். வெள்ளத்திலும் அப்படியே என்பதை 2015-இல் முடிச்சூரில் கண்ணால் பார்த்தேன்.

அதைச் சொல்வதற்கு முன் எங்கள் தொழிலில் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். காலையில் நடக்கத் தொடங்குமுன் எல்லோரையும் நிற்கவைத்து, "ரெண்டு மணி ஆச்சுன்னா எங்க நின்னாலும் திரும்பறோம். உச்சி கண்ணுக்குத் தெரிஞ்சாலும் திரும்பறோம்" என்று சொல்லிவிடுவேன். ஏன் காலையிலேயே? இரண்டு மணிக்கு எல்லோருக்கும் பசி, களைப்பு, இன்னும் கொஞ்சம்தானே என்ற ஆசை. ஒருவர் கேமராவை வேறு வெளியே எடுத்திருப்பார். அந்த நேரத்தில் உட்கார்ந்து யோசித்து எடுக்கிற முடிவு பெரும்பாலும் ஆசையின் முடிவாகத்தான் இருக்கும். வயிறு நிறைந்து, கால் வலிக்காமல், வெளிச்சம் நன்றாக இருக்கும்போது எடுத்த முடிவை அப்போது நிறைவேற்றினால் போதும். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மலசர் பழங்குடிப் பெரியவர் கடிகாரம் கட்டியதில்லை. நிழலைப் பார்ப்பார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடப்பார். வாதாட ஆள் இருக்காது, ஏனென்றால் அவர் போயிருப்பார்.

2015 டிசம்பர் 1 அன்று நான் முடிச்சூரில் அக்கா வீட்டில் இருந்தேன். அக்கா மகளுக்குச் சீர் வைத்திருந்தார்கள். தாய்மாமன் இல்லாமல் எப்படி? நவம்பர் நடுவிலேயே அந்தப் பகுதியில் ஒருமுறை வெள்ளம் வந்து போயிருந்தது. அக்கா தெருவில் முழங்கால் அளவுக்கு நின்று வடிந்ததாம். அதனால் எல்லோருக்கும் ஒரு தைரியம் வந்திருந்தது. போன தடவை வந்த அளவுதான் இந்தத் தடவையும் வரும் என்று மனசு தானாகக் கணக்குப் போட்டுக்கொள்கிறது. அன்றைக்குக் காலையில் தொடங்கிய மழை விடுவதாக இல்லை. மறுநாள் காலை வரையான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. பெய்தது என்று பிறகு செய்தியில் வந்தது. மாலை நான்கு மணிக்கு எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் வாசலில் தெருத்தண்ணீர் முதல் படியை நக்கிக்கொண்டிருந்தது என்பதுதான்.

செங்கல் துண்டு ஒன்றை எடுத்து இரண்டாம் படியின் பக்கச் சுவரில் ஒரு கோடு இழுத்தேன்.

"மச்சான், தண்ணி இதைத் தொட்டுச்சுன்னா மேல போயிரோணும். அப்ப நின்னு பேச வேண்டாம்."

"போன மாசமே முழங்காலுக்குத்தான் வந்துச்சு மாப்ள. ராத்திரிக்குள்ள வடிஞ்சிரும்."

"வடிஞ்சா நல்லதுங்க. கீழயே தூங்கிக்கலாம்."

ஏழரை மணிக்குக் கோடு மறைந்தது. அக்காதான் முதலில் பார்த்தாள். மச்சான் மறுபேச்சுப் பேசாமல் மெயினை அணைத்தார். அது ஒன்றே அன்றிரவுக்குப் பெரிய வேலை. மாடியில் ஓர் அறையும் சிமென்ட் ஷீட் போட்ட வராந்தாவும் உண்டு. ஆளுக்கொரு வேலையாகப் பிரித்துக்கொண்டோம். முதலில் குடிதண்ணீர்க் கேன்கள், பிறகு மச்சானின் சர்க்கரை மாத்திரை, காய்ந்த துணி, போர்வை, சின்ன சிலிண்டர், அரிசி, வெல்லம், பத்திரப் பை. டிவி கடைசி, அதற்கு நேரம் கிடைக்கவில்லை, யாரும் வருந்தவும் இல்லை. விடிந்தபோது கீழ்வீட்டில் தண்ணீர் ஜன்னல் விளிம்பைத் தாண்டியிருந்தது. தெருவில் பலர் நள்ளிரவுக்குப் பின், இருட்டில், இடுப்பளவு ஓடும் தண்ணீரில் இறங்கி வந்தார்கள். அவர்களும் எங்களைப்போலவே மேலே வந்தவர்கள்தான். நாலைந்து மணி நேரம் பிந்தி வந்தார்கள். அந்த நாலைந்து மணி நேரத்தில் தண்ணீர் ஏறியது மட்டுமல்ல, வேகமும் எடுத்திருந்தது. ஓடுகிற தண்ணீர் அரை அடி இருந்தாலே ஆளைச் சாய்த்துவிடும். இரண்டடி வந்தால் காரே மிதந்து நகரும். இதைக் காட்டோடையில் ஒருமுறையாவது கால் வைத்துப் பார்த்தவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நகரத்தில் கூடுதலாகத் திறந்த சாக்கடைக் குழியும் அறுந்த மின்கம்பியும் உண்டு. அதைக் காடு கற்றுத்தராது; அங்கே என் படிப்பு செல்லாது.

அப்படிப் பிந்தி வந்தவர்களில் ஓர் ஆயா. பக்கத்து ஓட்டு வீட்டில் தனியாக இருந்தவர். கட்டில்மேல் ஏறி நின்று, பிறகு அதுவும் முங்கி, இடுப்பு வரை தண்ணீரில் வெகுநேரம் நின்றிருக்கிறார். இரண்டு பையன்கள் தூக்கி வந்து மாடி வராந்தாவில் உட்காரவைத்தார்கள். அவர் நடுங்கவில்லை. பார்த்தவர்கள், "பரவால்ல, ஆயா தெம்பா இருக்கு" என்றார்கள். எனக்கு அடிவயிறு கலங்கியது. பெயர் கேட்டால் பதில் குழறியது. முந்தானையை இழுத்துவிட விரல் வரவில்லை.

இந்த மூன்று அடையாளங்களையும் வெள்ளியங்கிரியில் பார்த்துப் பழகியிருந்தேன். ஆறாவது மலையில் ஆண்டி சுனையில் இரவிலேயே குளித்துவிட்டு, ஈர வேட்டியோடு ஏழாவது மலை ஏறுவார்கள். பக்தி சூடாகத்தான் இருக்கும், காற்று அப்படி இருக்காது. முதலில் பல் கிட்டும், உடம்பு வெடவெடக்கும். அது நல்லது, உடம்பு தன்னைத்தானே சூடாக்கிக்கொள்கிறது. அதன்பின் கை விரல் சொன்னபடி கேட்காது, பொத்தான் போட முடியாது. பேச்சு குழறும், கால் இடறும். நடுக்கம் நின்றுபோனால் ஆள் தேறிவிட்டார் என்று அர்த்தமில்லை. உடம்பு கைவிடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். குளிர் என்றால் ஊட்டி, கொடைக்கானல் என்று நினைக்கிறோம். சென்னையில் டிசம்பர் மழைத்தண்ணீரில் ராத்திரி முழுக்க நின்றாலும் அதே கதிதான். காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாகத் தண்ணீர் உடம்புச் சூட்டை உறிஞ்சும்.

"ஒரு கட்டிங் ஊத்தினா சூடாயிடும் சார்" என்று ஒருவர் உண்மையான அக்கறையோடு பாட்டிலை நீட்டினார். வேண்டாம் என்று வாங்கி ஓரமாக வைத்தேன். சாராயம் தோலுக்கு ரத்தத்தைப் பாய்ச்சும்; சூடு வந்த மாதிரி இருக்கும்; உள்ளே இருக்கிற கொஞ்சநஞ்சச் சூடும் தோல் வழியாக வெளியே போய்விடும்.

முதல் வேலை தரை. சிமென்ட் தரை, நனைந்தது. அதில் உட்காரவைத்துவிட்டு மேலே பத்துப் போர்வை போர்த்தினாலும் கீழ்வழியாகச் சூடு போய்க்கொண்டே இருக்கும். அக்கா வீட்டு ஃபிரிட்ஜ் வந்த தெர்மாகோலும் அட்டைப் பெட்டியும் பரணில் கிடந்தன. அதை விரித்தோம். அக்காவும் பக்கத்துவீட்டுப் பெண்ணும் சேலையை மறைப்பாகப் பிடித்து, ஆயாவின் ஈரத்துணியை முழுக்கக் களைந்து, துடைத்து, காய்ந்த நைட்டி போட்டார்கள். அதன்மேல் நெஞ்சிலும் முதுகிலும் செய்தித்தாளை நாலைந்து மடிப்பாக வைத்து, மேலே இன்னொரு துணி. தலைக்கும் காதுக்கும் துண்டு. எல்லாவற்றுக்கும் மேலே, காற்று புகாமல், தார்ப்பாயை ஒரு சுற்று. அக்கா ஆயாவை முதுகோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கைகாலைத் தேய்த்துவிடக் கிளம்பிய ஒரு பையனைத் தடுத்தேன். அந்த நிலையில் தேய்க்கக் கூடாது, நடக்கவும் விடக் கூடாது. விழுங்குகிறாரா என்று ஒரு ஸ்பூன் கொடுத்துப் பார்த்துவிட்டு, வெதுவெதுப்பான வெல்லத்தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாள் அக்கா. ஒரு மணி நேரம் கழித்து ஆயாவுக்கு நடுக்கம் வந்தது. சுற்றி இருந்தவர்கள் பதறினார்கள். நான் மட்டும்தான் சந்தோஷப்பட்டேன். மறுநாள் மதியம் படகு வந்தபோது, தன் ஆடு என்ன ஆயிற்று என்று படகுக்காரரிடம் சண்டை போடும் அளவுக்குத் தேறியிருந்தார்.

நான் எங்கே போனாலும் இதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பயிற்சிக்கு வருகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், வெள்ளத்துக்கு என்ன சேர்த்துவைப்பீர்கள் என்று. பிஸ்கட், பிரெட், நூடுல்ஸ் என்பார்கள். பசிதான் எல்லோருக்கும் முதல் பயம். ஆரோக்கியமான ஆள் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் எரிச்சல்படுவார், சாகமாட்டார். ஈரத்தோடு குளிரில் கிடந்தால் ஒரே ராத்திரி போதும். காட்டில் நாங்கள் பையின் அடியில், பாலிதீனில் இரண்டு முறை சுற்றி, ஒரு செட் காய்ந்த துணி வைத்திருப்போம். எவ்வளவு நனைந்தாலும் நடக்கும்போது அதைத் தொட மாட்டோம். கூடாரம் போட்ட பிறகுதான் அது வெளியே வரும். வீட்டிலும் ஆளுக்கொரு செட் அப்படிக் கட்டி மேல் பரணில் வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது தண்ணீர். முடிச்சூரில் மூன்றாம் நாள் கேன் தண்ணீர் தீர்ந்தது. கீழே கடல் மாதிரி தண்ணீர்; ஒரு மிடறு குடிக்க வழியில்லை. கீழ்நிலைத் தொட்டிக்குள் தெருச் சாக்கடை புகுந்திருந்தது. இங்கே காட்டுக்காரன் மூளை கொஞ்சம் வேலை செய்தது. மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்ததால் தார்ப்பாயை மாடியில் நான்கு மூலையும் தூக்கிக் கட்டி, ஒரு ஓரத்தைத் தாழ்த்தி, அதன் கீழே குடத்தை வைத்தோம். முதலில் விழுந்ததைப் பாத்திரம் கழுவ விட்டுவிட்டு, பிறகு வந்ததைப் பிடித்தோம். அதைக் கொதிக்கவைத்துக் குடித்தோம். தெருவே காலி குடத்தோடு நிற்கும்போது தலைக்குமேல் பெய்வதைப் பிடிக்க யாருக்கும் தோன்றாததில் எனக்கு ஆச்சரியமில்லை. குழாயில் வருவதுதான் தண்ணீர் என்று வளர்ந்துவிட்டோம்.

கலங்கல் தண்ணீரைத்தான் நம்பியாக வேண்டும் என்றால் இரண்டு வேலை உண்டு: தெளியவைப்பது, கிருமியைக் கொல்வது. இரண்டும் வேறு வேறு. நாட்டு மருந்துக் கடையில் தேற்றாங்கொட்டை கிடைக்கும். மண்பானையின் உள்பக்கத்தில் அதை நன்றாக உரைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றி வைத்தால் சேறெல்லாம் அடியில் உட்கார்ந்துவிடும். மேல்தண்ணீர் கண்ணாடிபோல் நிற்கும். எங்கள் ஆத்தா காலத்தில் ஏரித்தண்ணீருக்கு இதுதான் வழி. ஆனால் கண்ணாடிபோல் இருப்பதைக் குடித்துவிடக் கூடாது. தெளிந்த பிறகு வடித்துக் கொதிக்கவைக்க வேண்டும், அல்லது குளோரின் போட வேண்டும். கலங்கலோடு குளோரின் போட்டால் அது சேற்றோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகும், கிருமிக்கு மிஞ்சாது. அதனால்தான் தெளியவைப்பது முதலில். குளோரின் மாத்திரை என்றால் அட்டையில் போட்டிருக்கும் அளவு. பிளீச்சிங் பவுடர் என்றால், ஓரளவு சுத்தமான தண்ணீருக்கு 1000 லிட்டருக்கு 2.5 கிராம் என்பது புத்தகக் கணக்கு. வெள்ளக் காலத்தில் அது போதாமல் போகலாம். அரை மணி நேரம் கழித்து முகர்ந்து பாருங்கள். லேசான குளோரின் வாடை இருக்க வேண்டும். இல்லையென்றால் அதே அளவு இன்னொரு முறை போட்டு இன்னொரு அரை மணி. வருடக்கணக்கில் வாய் திறந்து கிடந்த பவுடர் வெறும் சுண்ணாம்புதான், அதை நம்ப வேண்டாம். பெட்ரோலோ ஆலைக்கழிவோ கலந்த தண்ணீரைக் கொதிக்கவைத்தாலும் அது விஷம்தான். அதை விட்டுவிட வேண்டும்.

தண்ணீரைப் பற்றி ஆர்வமாகக் குறிப்பெடுப்பவர்கள் கக்கூஸ் என்றதும் பேனாவை மூடிவிடுவார்கள். நான் விடமாட்டேன். காட்டில் ஓடையிலிருந்து நன்றாகத் தள்ளி, முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டி, மண் மூடிவிட்டு வருவோம். அதைச் சொல்லிக்கொடுக்காத வழிகாட்டி என் கணக்கில் வழிகாட்டியே இல்லை. நகரத்தில் வெள்ளம் வந்தால் கழிவுநீர்க் குழாய் எதிர்த்துக்கொண்டு வீட்டுக்குள் பொங்கும். அப்போது மாடியில் இருபது பேர் என்ன செய்வார்கள்? ஆண்கள் இருட்டில் எப்படியோ சமாளிப்பார்கள். பெண்கள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவார்கள். முடிச்சூரில் அதுதான் நடந்தது. இரண்டாம் நாள் ஒரு பெண்ணுக்கு மயக்கமே வந்துவிட்டது. மூடி போட்ட வாளி, உள்ளே கெட்டியான பை, ஒவ்வொரு முறைக்கும் மேலே தூவ மணலோ மரத்தூளோ சாம்பலோ, மறைப்புக்கு ஒரு சேலை. நான் பயிற்சிக்குக் கொண்டுபோகும் வாளி இதற்குத்தான். இரண்டு வாளி எதற்கு என்றால், சிறுநீரையும் மலத்தையும் பிரித்துவிட்டால் நாற்றம் பெருமளவு குறையும்.

ஓடையைக் கவனிப்பது எங்கள் தொழிலில் இன்னொரு பாடம். நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும். மேலே மலையில் மழை கொட்டும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்தபோது மக்கள் ஓடிய ஓட்டத்தை எல்லோரும் கைபேசியில் பார்த்தோம். ஒரு சிறுவன் உயிர் போனது. தெளிந்து ஓடிய தண்ணீர் செந்நிறமானால், சருகும் சுள்ளியும் திடீரென்று மிதந்து வந்தால், இரைச்சல் கனத்தால் உடனே மேலே ஏற வேண்டும். செருப்பு, பை எதையும் எடுக்க நிற்கக் கூடாது. இதைவிட மோசமானது ஓட்டம் சட்டென்று குறைவது. மேலே எங்கோ மரமும் மண்ணும் அடைத்துக்கொண்டிருக்கும். அடைப்பு உடைந்தால் மொத்தமாக வரும். சரிவில் குடியிருப்பவர்கள் புதிதாகக் கசியும் ஊற்று, தரையில் விரிசல், சாய்ந்து நிற்கத் தொடங்கிய மரம், திறக்க முடியாமல் இறுகிப்போன கதவு இவற்றைப் பார்க்க வேண்டும். பார்த்தால், பகலிலேயே இடம் மாறிவிட வேண்டும். வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலையை மண்சரிவு அள்ளிக்கொண்டு போனது 2024 ஜூலை 30 அதிகாலையில், ஊர் தூங்கிக்கொண்டிருந்தபோது.

குரங்கணிக் காட்டுத்தீயைப் பற்றிப் பேசாமல் எங்கள் ஆட்கள் யாரும் மலை ஆபத்துகளைப் பற்றி எழுத முடியாது. 2018 மார்ச் 11. காய்ந்த புல் சரிவு, மதிய வெயில், காற்று, தீ. மலையேறப் போனவர்களில் 23 பேர் போய்விட்டார்கள். யார் குற்றம் என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. அந்த வருடமே மலையேற்றத்துக்கு அரசு விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறையே 40 பாதைகளைத் திறந்து, உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்களை வழிகாட்டிகளாக வைத்தது. தீ அபாயம் உள்ள மாதங்களில் பாதைகளை மூடிவிடுகிறார்கள். சிலர் முணுமுணுக்கிறார்கள், எனக்கு அதில் முழுச் சம்மதம். தீயைப் பற்றி நான் ஒன்றே ஒன்றுதான் சொல்லித்தருவேன்: தீ மேட்டில் வேகமாக ஏறும், மனிதன் மேட்டில் மெதுவாகத்தான் ஏறுவான். ஆகவே அதற்கு முன்னால் மேலே ஓடாதே. ஏற்கெனவே எரிந்து கருகிய தரை, புல் இல்லாத பாறை, ஓடைப்படுகை இவற்றைக் கண்ணால் முன்பே குறித்துவைத்துக்கொண்டு நட. வரும் வழியில் எங்கே ஒதுங்கலாம் என்று தெரியாமல் புல்வெளிக்குள் நுழையாதே. அடுக்குமாடியில் குடியிருப்பவர்கள் இரண்டாவது படிக்கட்டு எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்வதும் இதே பாடம்தான்.

கயிறு வேண்டும் என்று கேட்ட செயலாளருக்காகக் கயிறும் கொண்டுபோவேன். மாடியிலிருந்து இறங்க விடமாட்டேன். இறுகாமல், அவிழாமல் நிற்கும் வளைய முடிச்சு ஒன்று, தூணில் கட்டும் முடிச்சு ஒன்று, இரண்டு கயிறை இணைக்கும் முடிச்சு ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு இந்த மூன்றும் போடத் தெரிந்தால் போதும். ஓடும் தண்ணீரில் இறங்குகிறவர் இடுப்பில் கயிற்றைக் கட்டக் கூடாது. கால் இடறினால் அந்தக் கயிறே ஆளைத் தண்ணீருக்கடியில் அமுக்கிப் பிடித்துவிடும். பிறகு டோலி. மலைக்கிராமங்களில் பிரசவத்துக்கும் நோய்க்கும் இன்னும் ஆட்களை டோலி கட்டித்தான் ரோட்டுக்குத் தூக்கி வருகிறார்கள். இரண்டு கம்பு, ஒரு கெட்டியான போர்வை. ஒரு கம்பைப் போர்வையின் மூன்றில் ஒரு பங்கில் வைத்து மடித்து, அடுத்த கம்பை வைத்து மறுபடி மடித்தால், படுப்பவரின் எடையே அதை இறுக்கிப் பிடிக்கும். தைக்க வேண்டாம், கட்ட வேண்டாம். சங்கத்திலேயே கனமான மனிதரைப் படுக்கவைத்துத் தூக்கச் சொல்வேன். சிரிப்பும் கும்மாளமுமாக இருக்கும். படிக்கட்டுத் திருப்பத்தில் டோலி திரும்பாது என்பது அப்போதுதான் அவர்களுக்குத் தெரியவரும்.

வெள்ளம் வடிந்தபின் பாம்பு வரும். ஷூவுக்குள், வாஷிங் மெஷினுக்கடியில், ஈரத்துணிக் குவியலில். காட்டில் செருப்பை உதறாமல் கால் நுழைக்க மாட்டோம்; அதே பழக்கம் போதும். கடித்தால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான், எனவே பாம்பை அடித்துப் பையில் போட்டுக்கொண்டு போகத் தேவையில்லை. அந்த மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதியை எடுத்துத் தருவது மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் உள்ள இருளர் கூட்டுறவுச் சங்கம். 2023-இல் இருளர்களான மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

காட்டு அறிவு என்று பேசினாலே, கிழங்கு தோண்டிச் சாப்பிடுவதைச் சொல்லிக்கொடுங்கள் என்பார்கள். மாட்டேன். காடரும் மலசரும் எந்தக் கிழங்கை எந்த மாதம் எடுப்பது, எதை எத்தனை முறை தண்ணீர் மாற்றி வேகவைப்பது என்று பிள்ளையிலிருந்து பார்த்து வளர்ந்தவர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சியில் அதைக் கற்றுக்கொண்டேன் என்று நினைப்பவர் தன் குடும்பத்துக்கு வெள்ளத்தைவிடப் பெரிய ஆபத்து.

அதைவிட ஆயிரம் மடங்கு உபயோகமானது ஆள் எண்ணுவது. காட்டில் வரிசையின் முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர். கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் எண்ணுவோம். ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி உண்டு. ஜோடியைக் காணோம் என்றால் அவர்தான் முதலில் கத்த வேண்டும். இதை அப்படியே தெருவுக்குக் கொண்டுவர முடியும். நடக்க முடியாதவர் யார், இன்சுலின் போடுபவர் யார், டயாலிசிஸ் போகிறவர் யார், நிறைமாதம் யார், தனியாக இருக்கும் ஆயா யார். ஒரு தாளில் எழுதி, ஒவ்வொருவருக்கும் ஜோடியாகப் பக்கத்து வீட்டு இளவட்டம் ஒருவரைப் போட்டுவிட்டால், நள்ளிரவில் ஓட்டு வீட்டுக் கட்டில்மேல் யாரும் தனியாக நிற்க வேண்டியிருக்காது.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்த அந்த மழையில், திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பேரோடு நின்றுபோனது. முழுதாக மீட்க இரண்டு நாள் ஆனது. அதுவரை அவர்களுக்குச் சோறு பொங்கிக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள். அரசு வரும். ஹெலிகாப்டரும் வரும். வருவதற்கு ஆகும் அந்த ஒன்றிரண்டு நாளைத்தான் நாம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்குமுன் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வீட்டு மெயினை அணையுங்கள், குழாயை மூடுங்கள், கைபேசிகளை ஒரு டப்பாவில் போட்டுவிடுங்கள். ஞாயிறு காலைவரை அப்படியே இருந்து பாருங்கள். எட்டு மணிக்கு டார்ச் எங்கே என்று சண்டை வரும். பத்து மணிக்கு மாத்திரை கிடைக்காது. விடியற்காலையில் கக்கூஸ் தண்ணீர் தீரும். கிடைக்காததையெல்லாம் எழுதி, திங்கட்கிழமை வாங்கிவந்து, பரணில் ஒரே பையில் கட்டிவையுங்கள். வாசல் படியில் எந்தப் படி என்று வீட்டோடு உட்கார்ந்து பேசி, ஒரு கோடு போட்டுவிடுங்கள். பிறகு சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்: அவசர உதவிக்கு 112, ஆம்புலன்ஸ் 108, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070. கைபேசிக்குள் சேமித்துவைத்த எண், சார்ஜ் தீர்ந்தால் யாருக்கும் கிடைக்காது.